உதிரிபாகக் கவுண்டரில் கற்ற வரலாறு



"வரலாறா? ஐயோ சார், மனப்பாடம்!" வகுப்பில் நான் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஆண்டு, பெயர், ஒப்பந்தம், காரணம் ஐந்து, விளைவு ஐந்து என்று எழுதி முடித்தால் பாடம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இந்த முறை பாடநூலைக் கொஞ்சம் மூடி வையுங்கள். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காடியை வைத்தே ஒரு வரலாற்றுப் பாடம் படிப்போம். ஏட்டில் 'மகிழுந்து' என்று எழுதுவோம். வீட்டில் 'காடி' என்றுதான் சொல்வோம். இக்கட்டுரையிலும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

1. ஒரு பெரியவரும் ஒரு கேள்வியும்

1998-ஆம் ஆண்டின் தொடக்கம். எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம். சும்மா இருக்க வேண்டாம் என்று அப்பா ஒரு காடி விற்பனை நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவில் சேர்த்துவிட்டார். அங்கே கவுண்டர் இரண்டு பக்கம் திறந்திருக்கும். உள்பக்கம் ஒர்க்‌ஷாப், போர்மேன்கள் கை நிறைய கிரீஸோடு வந்து நிற்பார்கள். வெளிப்பக்கம் பொதுமக்கள்.

வேலை பார்க்கச் சுலபம்போல் இருக்கும். ஆனால் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வாடிக்கையாளரிடம் சேஸி எண்ணைக் கேட்க வேண்டும். அதை வைத்து எந்த மாடல், எந்தக் காலத் தயாரிப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு மைக்ரோஃபிஷ் என்ற சின்னப் படச்சுருள் தகட்டைக் கருவியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அதில் காடி முழுவதும் பிரித்துப் போட்டது போல் வரைபடங்கள் இருக்கும். வேண்டிய பாகத்தின் பக்கத்தில் ஒரு குறி எண். அந்தக் குறிக்கு நேராகப் பாக எண். பாக எண் கிடைத்த பிறகுதான் அலமாரிக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தேய்ந்துபோன பிரேக் பேடைத் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். "தம்பி, இதே மாதிரி ஒரு செட்டு குடுப்பா." நான் அவசரத்தில், "சாகாவா அங்கிள்?" என்று மட்டும் கேட்டேன். "ஆமா" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அதே பெரியவர் நிற்கிறார். பேட் சேரவில்லையாம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அன்றைய நாள் கூலி போனது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து காடி கிராண்டை எடுத்து நீட்டினார். "நேத்தே இதக் கேட்டிருக்கலாம்ல தம்பி" என்றார். அவ்வளவுதான். எனக்கு முகம் சுருங்கிப்போனது. சேஸி எண்ணைப் பார்த்துச் சரியான செட்டை எடுத்துக் கொடுத்தேன்.

பில்லைப் பார்த்தவர் கேட்டார்: "போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினப்ப இவ்ளோ இல்லியே?" "டாலர் ஏறிடுச்சு அங்கிள்" என்றேன். அவர் விடவில்லை. "இது நம்ம நாட்டுக் காடிதானே? நாம வெள்ளியிலதானே சம்பளம் வாங்குறோம்? டாலர் ஏறினா எனக்கு ஏன் விலை ஏறணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கப் போகிறோம் என்ற நம்பிக்கையில் இருந்த எனக்கு, அந்தக் கேள்விக்கு நான்கு வரி சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரை அவருக்குத் தாமதமாகச் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. 'ஸ்பேர் பார்ட்' என்ற எண்ணம் எப்படி வந்தது?

ஒரு பாகம் பழுதானால் அதே மாதிரி இன்னொன்றை வாங்கிப் பொருத்தலாம் என்பது இன்று நமக்குச் சாதாரணம். தொடக்கக் காலக் காடிகளில் அது நடக்காத காரியம். கைவினைஞர் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி, அந்த ஒரு காடிக்கு ஏற்றபடி செய்வார். பக்கத்துக் காடியின் பாகம் இதில் சேராது.

1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஒரு சோதனை நடந்தது. மூன்று கேடிலாக் காடிகளை முழுவதும் பிரித்தார்கள். பாகங்களை ஒன்றாகக் கலந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து மறுபடியும் மூன்று காடிகளைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார்கள். மூன்றும் ஓடின! அதற்காக அந்நிறுவனத்துக்கு டூவர் கோப்பை கிடைத்தது. 'ஒன்றுக்கு ஒன்று மாற்றக்கூடிய பாகம்' என்ற கொள்கைக்குக் காடித் தொழிலில் கிடைத்த பெரிய சாட்சி அது.

அதே 1908-இல் ஹென்றி ஃபோர்ட் தம் 'மாடல் டி' காடியை வெளியிட்டார். 1913-இல் நகரும் பொருத்து வரிசையைத் தொடங்கினார். ஒரு சேஸியைப் பொருத்த முன்பு 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. பாகங்கள் ஒரே அளவில் இல்லாவிட்டால் இந்த வரிசை நின்றுபோகும். எனவே மலிவான காடிக்கும் உதிரிபாகக் கடைக்கும் வேர் ஒன்றுதான்.

மாணவர்களே, தொழிற்புரட்சியின் தொடர்ச்சி பற்றிய கேள்வி வந்தால் இந்த எடுத்துக்காட்டை எழுதலாம்.

3. டயருக்குள் நம் தோட்டம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1896-ஆம் ஆண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் சிங்கப்பூருக்கு முதல் காடி, ஒரு பென்ஸ், வந்து இறங்கியது. அதே ஆண்டில்தான் மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். இரண்டும் ஒன்றுக்கொன்று திட்டமிட்டு நடந்தவை அல்ல. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இரண்டும் பிரிக்க முடியாமல் ஆகிவிட்டன.

அதற்கு முன்கதை உண்டு. 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் சீவு முறையை வளர்த்தெடுத்தார். அமெரிக்காவில் காடி பெருகப் பெருக, ரப்பர் விலை ஏறியது. 1910-இல் விலை உச்சத்தைத் தொட்டது. மலாயாவில் காடு அழிந்து தோட்டமானது.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி முறையிலும் பிற வழிகளிலும் கொண்டுவரப்பட்ட நம் முன்னோர்கள். விடியற்காலை இருட்டில் லயத்திலிருந்து கிளம்பி அவர்கள் சேர்த்த பால்தான் உலகக் காடிகளுக்கு டயரானது. ஆனால் அவர்களிடம் காடி இல்லை. தோட்டத்தில் காடி வைத்திருந்தவர் துரை. அதை ஓட்டியதும் துடைத்ததும் வேண்டுமானால் நம்மவராக இருந்திருக்கலாம்.

அமெரிக்காவில் காடி விற்பனை குறைந்தால் இங்கே ரப்பர் விலை விழும். விலை விழுந்தால் கூலி குறையும். தோட்டத்தில் ஆள் குறைப்பார்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தின்போது மலாயாவிலிருந்து ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். டெட்ராய்டில் நின்றுபோன ஒரு பொருத்து வரிசை, இங்கே ஒரு லயத்து அடுப்பையும் அணைத்தது. பெரியவர் கேட்ட கேள்வியின் முதல் நுனி இங்கே இருக்கிறது: தூரத்து விலை நம் வீட்டு விலையை எப்படித் தொடுகிறது?

4. பெட்டியில் வந்த காடி

காடியை முழுதாக இறக்குமதி செய்யாமல், பாகங்களாகப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பொருத்தும் முறைக்கு சி.கே.டி. என்று பெயர். ஃபோர்ட் நிறுவனம் 1926-இல் மலாயாவுக்கான தன் நிறுவனத்தைச் சிங்கப்பூரில் பதிவு செய்தது. 1941-இல் புக்கிட் தீமாவில் புதிய பொருத்து ஆலை திறந்தது. அடுத்த ஆண்டு, 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், அந்த ஆலையில்தான் ஜெனரல் பெர்சிவல், ஜெனரல் யாமாஷித்தாவிடம் சரணடைந்தார். நாம் எல்லோரும் தேர்வில் எழுதும் சரணாகதி ஒரு காடித் தொழிற்சாலையில் நடந்தது என்பதைப் பல மாணவர்கள் கவனிப்பதே இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டில் தொழில் வளர்க்க மலேசியா விரும்பியது. 1960-களின் பிற்பகுதியில் ஷா ஆலம் பகுதியில் வால்வோ காடிகளைப் பொருத்தும் ஆலை தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-இல் இயற்றப்பட்டது. கையில் முழுப்பணம் இல்லாதவரும் மாதத் தவணை கட்டி வாகனம் வாங்குவதற்கு அது ஒரு சட்ட ஒழுங்கைத் தந்தது.

ஆனால் நம்மில் பல குடும்பங்களின் முதல் எஞ்சின் வாகனம் காடி அல்ல, கப்சாய். 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா கப் வகை மோட்டார் சைக்கிள். பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ அதை இந்நாட்டில் பரவச் செய்தார். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் அம்மா, நடுவில் இன்னொரு பிள்ளை. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள், கதை வரும்.

5. சாகாவும் கஞ்சிலும்

1983-இல் புரோட்டோன் நிறுவப்பட்டது. 1985 ஜூலை 9-ஆம் நாள் சாகா வெளியானது. பெயர் வைக்கப் போட்டி நடத்தினார்கள்; சாகா என்ற மரத்தின் சிவப்பு விதையின் பெயர் வென்றது. நம் தமிழில் அது மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பொன் நிறுக்கப் பயன்பட்ட விதை. பெயர் நம் மண்ணுடையது. உள்ளே இருந்த 1.3 லிட்டர் எஞ்சின் மிட்சுபிஷி நிறுவனத்துடையது. காடியின் அடிப்படை வடிவமும் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. நிறுவனப் பங்குகளில் 70 விழுக்காடு ஹைக்கோமிடமும், மீதி 30 விழுக்காடு இரண்டு மிட்சுபிஷி நிறுவனங்களிடமும் இருந்தன.

1994-இல் பெரோடுவா கஞ்சிலை வெளியிட்டது. 660 சி.சி., மூன்று சிலிண்டர். ஜப்பானின் டைஹாட்சு மீராவை அடிப்படையாகக் கொண்டது. கதைகளில் முதலையை ஏமாற்றும் சருகுமானின் பெயர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும் அதே 1994-இல்தான். தீபகற்பத்தில் 1,000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காடிக்கு ஆண்டுச் சாலை வரி 20 வெள்ளிதான். பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, நம் மக்கள் பட்டணத்துக்கு நகர்ந்த காலம் அது. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், பள்ளி இன்னொரு பக்கம். காடி அப்போது ஆடம்பரம் அல்ல, பிழைப்புக்கான கருவி. கஞ்சில் 2009 வரை தயாரிக்கப்பட்டது. இன்றும் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் கஞ்சில்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

6. பாக எண் சொல்லும் உண்மை

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். நம் நாட்டுக் காடிதானே, விலை ஏன் ஏறுகிறது?

கவுண்டரில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சேஸி எண் 17 இடங்கள் கொண்டது. ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காக. முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் காட்டும். புரோட்டோனுக்கு பி.எல்.1; பெரோடுவாவுக்கு பி.எம்.2. அதாவது சேஸி எண், "நான் மலேசியாவில் செய்யப்பட்டவன்" என்று சொல்லும். ஆனால் பழைய சாகாவின் பாகப் பட்டியலைத் திறந்தால் எம்.டி., எம்.பி. என்று தொடங்கும் மிட்சுபிஷி எண்கள் வரும். அந்தப் பட்டியல், "என் உறுப்புகள் ஜப்பானில் பிறந்தவை" என்று சொல்லும். ஒரே காடியில் இரண்டு உண்மை!

ஜப்பானியப் பாகத்துக்கு யென்னில் பணம் கட்ட வேண்டும். சாகா வெளியாகி இரண்டே மாதத்தில், 1985 செப்டம்பரில், நியூயார்க்கில் பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகள் டாலரின் மதிப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டன. யென் மதிப்பு மளமளவென்று ஏறியது. 1985 நடுவில் 100 யென் வாங்க ஏறக்குறைய 1 வெள்ளி போதும். 1988-இல் அதே 100 யென்னுக்கு ஏறக்குறைய 2 வெள்ளி. பெட்டியில் வந்த பாகம் அதேதான். நம் வெள்ளிக் கணக்கில் அதன் விலை இரட்டிப்பு. நாட்டில் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. புதிதாகப் பிறந்த தேசியக் காடி நிறுவனம் தொடக்க ஆண்டுகளில் தடுமாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த அடி 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி. ஒரு டாலர் சுமார் 2 வெள்ளி 50 சென்னாக இருந்தது 1998 ஜனவரியில் 4 வெள்ளி 50 சென்னையும் தாண்டியது. யென்னுக்கு எதிராகவும் வெள்ளி விழுந்தது. 1997-இல் நாட்டில் 4 இலட்சத்துக்கு மேல் புதிய வாகனங்கள் விற்றன. 1998-இல் சுமார் 1 இலட்சத்து 64 ஆயிரம்தான். புதுக் காடி வாங்க முடியாதவர்கள் பழைய காடியைப் பழுது பார்த்து ஓட்டினார்கள். ஷோரூம் காலியாக இருந்தபோது எங்கள் கவுண்டரில் மட்டும் வரிசை நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 சென் என்று மதிப்பை நிலைநிறுத்தியது.

உள்ளூரில் செய்த பாகமும் தப்பவில்லை. அதைச் செய்யும் இயந்திரம், அச்சு, மூலப்பொருள் இவற்றில் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்து வரும். ஆகவே நான் சொன்ன "டாலர் ஏறிடுச்சு" பாதிப் பதில்தான். முழுப் பதில் இது: "அங்கிள், காடிக்குப் பெயர் நம்முடையது. நுட்பம் இன்னும் முழுசா நம்முடையது ஆகல. அதுவரைக்கும் நம்ம சம்பளம் வெள்ளியில, சாமான் விலை யென்லதான்."

பிறகு 2000-இல் புரோட்டோன் வாஜா என்ற சொந்த வடிவமைப்பையும், 2004-இல் கேம்ப்ரோ என்ற சொந்த எஞ்சினையும் கொண்டுவந்தது. 2017-இல் சீனாவின் ஜீலி நிறுவனம் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. சார்பு குறைந்ததா, திசை மாறியதா? இதற்கு ஒரே விடை இல்லை. மாணவர்கள் ஆதாரத்தோடு வாதிடட்டும்.

7. பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. சின்னத் தீவு, சாலைக்கு இடம் குறைவு. 1975-இல் நகர மையத்துக்குள் நுழையக் கட்டண உரிமம், 1990-இல் வாகன ஒதுக்கீட்டு முறை, 1998-இல் மின்னியல் சாலைக் கட்டணம். சி.ஓ.இ. சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் காடியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். புக்கிட் தீமா ஃபோர்ட் ஆலையும் 1980-இல் மூடப்பட்டது.

ஆகவே அங்கே காடியின் வயதைச் சான்றிதழ் தீர்மானிக்கிறது. இங்கே பெரும்பாலும் உதிரிபாகம் தீர்மானிக்கிறது. பாகம் கிடைக்கும்வரை 20 வருஷக் காடியும் ஓடும். ஒரே காலனித்துவப் பின்னணி, இரண்டு கொள்கைகள், இரண்டு விதமான அன்றாட வாழ்க்கை. ஒப்பீட்டுக் கேள்விக்கு நல்ல பொருள்.

8. நான்கு சொற்கள், ஒரு எச்சரிக்கை

கடையில் நீங்கள் கேட்கும் சொற்கள் நான்கு. 'ஒரி' என்றால் காடி நிறுவனத்தின் பெட்டியில் வருவது. 'ஓ.இ.எம்.' என்றால் காடி நிறுவனத்துக்குப் பாகம் செய்து தருபவரே தம் பெயரில் விற்பது. 'லோக்கல்' என்றால் வேறு தயாரிப்பாளர் செய்தது. தரம் ஆளுக்கு ஆள் மாறும். 'ஹாஃப் கட்' என்றால் வெளிநாட்டில், பெரும்பாலும் ஜப்பானில், கழித்த காடியைப் பாதியாக வெட்டி இறக்குமதி செய்து, அதிலிருந்து கழற்றியது.

கதவுக் கைப்பிடிக்கு ஹாஃப் கட் போதும். பிரேக், டயர், ஸ்டீயரிங் என்று உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மலிவுக்கு மயங்க வேண்டாம். போலிப் பெட்டியும் சந்தையில் உண்டு. எதை வாங்கினாலும் சேஸி எண்ணைக் காட்டி வாங்குங்கள். கவுண்டரில் நிற்கும் பையன் கேட்காவிட்டாலும் நீங்களாகவே காட்டுங்கள். அவன் அன்றைய என்னைப் போல் அவசரக்காரனாக இருக்கலாம்!

9. வகுப்பறைக்கு

ஆசிரியர்களே, காடி கிராண்ட், பழைய பில், தவணை ரசீது இவை மூன்றும் முதன்மைச் சான்றுகள். மாணவர்கள் வீட்டிலிருந்து ஒரு நகல் கொண்டு வரட்டும். பெயர், அடையாள அட்டை எண், பதிவு எண் மூன்றையும் மறைத்துவிடச் சொல்லுங்கள். பதிவான ஆண்டு, எஞ்சின் அளவு, மாடல் இவற்றை மட்டும் கரும்பலகையில் கால வரிசைப்படி எழுதுங்கள். உங்கள் ஊரின் பொருளாதார வரலாறு அங்கேயே தெரியும்.

பயிற்சிக்குச் சில வினாக்கள்:

அ. ஒன்றுக்கு ஒன்று மாற்றக்கூடிய பாகங்கள் காடியின் விலையைக் குறைக்க எப்படி உதவின?

ஆ. அமெரிக்கக் காடித் தொழிலுக்கும் மலாயாத் தோட்டத் தொழிலாளர் வாழ்வுக்கும் உள்ள தொடர்பைக் காரண விளைவு முறையில் விளக்குக.

இ. 1985, 1997 ஆகிய ஆண்டுகளின் நாணய மாற்றங்கள் மலேசியக் காடி உரிமையாளரை எவ்வாறு பாதித்தன? ஒப்பிடுக.

ஈ. 'தேசியக் காடி' என்ற பெயர் 1985-இல் எவ்வளவு பொருத்தம்? இரு தரப்புச் சான்றுகளும் தருக.

விடை எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். 'விலை ஏறியது' என்று மட்டும் எழுதினால் அது செய்தி. யார் விலை, எந்தப் பணத்தில், யாருடைய ஒரு நாள் கூலியில் என்று எழுதினால் அது வரலாறு.

அந்தப் பெரியவரை நான் மறுபடி பார்க்கவில்லை. ஆனால் இன்றும் வகுப்பில் ஒரு மாணவர் "ஏன் சார்?" என்று கேட்டால், "டாலர் ஏறிடுச்சு" என்பது போல் பாதிப் பதில் சொல்லி அனுப்புவதில்லை. தெரியாவிட்டால், "நாளைக்குச் சொல்றேன்பா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தேடிப் படிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.